மூன்று நண்டும் ஐந்து மணிக் கூட்டமும்

நான் மூன்று நண்டுக்காக அரசாங்கத்தை ஏமாற்றியவன். அதிலும் மூன்றாவது நண்டை முழுதாகத் தின்று முடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் நான் எங்காவது என்னைப் பெரிய மனிதனாகக் காட்டிக்கொள்ளப் பார்த்தாலும் நீங்கள் நம்பமாட்டீர்கள். அது நமக்கு இரண்டு பேருக்கும் நல்லது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கடலூரில் போலீஸ் இலாகாவின் தமிழ்ச் சுருக்கெழுத்துக்காரனாக இருந்தேன். லத்தி கிடையாது, தொப்பி கிடையாது. இரண்டு பக்கமும் சீவிய நான்கு பென்சில்களும் ஒரு நோட்டும்தான் என் ஆயுதம். எதிர்க்கட்சிக்காரர்கள் எந்த ஊரில் மேடை போட்டாலும் நான் போய் உட்கார்ந்து, பேசுவதை ஒரு சொல் விடாமல் எழுதி வந்து, தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். வில்லங்கமான பேச்சாக இருந்தால் அந்தத் தாள்தான் கோர்ட்டுக்குப் போகும்.

நாங்கள் யாருக்கும் தெரியாமல் போய் வருகிறோம் என்று இலாகா நம்பியது. உண்மையில் மேடைக்குக் கீழே எனக்கென்று ஒரு மேசை, நாற்காலி, தலைக்கு மேலே ஒரு பல்பு, எல்லாவற்றையும் கட்சிக்காரர்களே போட்டு வைத்திருப்பார்கள். நான் உள்ளே நுழைந்ததும், "சி.ஐ.டி. சார் வந்துட்டாரு, ஒரு சோடா குடுங்கப்பா" என்று மைக்கிலேயே அறிவிப்பார்கள். பென்சில் முனை உடைந்தால் பேச்சாளர் நிறுத்திக் காத்திருப்பார். அவரைச் சிறைக்கு அனுப்பப்போகும் தாளை நான் எழுத, அவரே வேகத்தைக் குறைத்து உதவுவார். இப்படி ஒரு மரியாதை வேறு எந்த உத்தியோகத்தில் கிடைக்கும்?

எங்கள் குப்பத்தில் சர்க்கார் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். ஆனால் வேலை அப்போது பர்மனென்ட் ஆகவில்லை. ஆகிவிட்டால் என் தலைமுடியைத் தருவதாகத் திருவந்திபுரம் பெருமாளிடம் அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். முடி என்னுடையது, வேண்டுதல் அவளுடையது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தலைவர் சிதம்பரத்துக்குப் பேச வருவதாக நோட்டீஸ் வந்தது. பெரிய கூட்டம் சேர்க்கிறவர் அல்ல. அடுக்குமொழி கிடையாது, மேடையில் அழமாட்டார். நல்ல அரசாங்கம் என்றால் என்ன, குடிமகனுக்கு என்ன கடமை என்று வாத்தியார் மாதிரி பேசுவார் என்று கேள்வி. என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"அந்த ஆளு ஊர் ஊரா 'அநியாயமான உத்தரவுக்குக் கீழ்ப்படியாதீங்க'ன்னு பேசிட்டு வர்றாரு. சிதம்பரத்துலயும் பேசுவாரு. அந்த வார்த்த உன் நோட்டுல இருந்தா போதும், ஆள உள்ள வெச்சிடலாம். உன் பர்மனென்டும் அன்னிக்கே நடக்கும்."

நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் எண் போட்டு, தன் சுருக்கக் கையெழுத்தையும் போட்டு என்னிடம் நீட்டினார். யாரும் தாளைக் கிழித்து மாற்றிவிடக் கூடாதே என்று எல்லா நோட்டுக்கும் செய்கிற வழக்கம்தான். பிற்பாடு அந்தக் கையெழுத்துகளே அவருக்கு வம்பாகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நோட்டீஸில் "மாலை 5 மணிக்குச் சரியாக" என்று இருந்தது. எல்லா நோட்டீஸிலும் அப்படித்தான் இருக்கும். என் தொழிலில் அதைப் பெயர்த்துப் படிக்கத் தெரிய வேண்டும். ஐந்து மணி என்றால் ஆறுக்கு மேடையில் பாய் விரிப்பார்கள். ஏழுக்கு மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்பார்கள். எட்டுக்கு உள்ளூர்க்காரர்கள் ஒருவரையொருவர் புகழ்வார்கள். ஒன்பதுக்குத் தலைவர் வருவார். ஆகவே காலை ரயிலில் புறப்பட்டு, நடுவில் கிள்ளையிலேயே இறங்கி, பிச்சாவரம் பக்கத்தில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன்.

அக்கா புருஷன் மீன்பிடிக்கிறவர். என்னைக் கண்டதும் படகைத் தள்ளிவிட்டார்.

"வா மச்சான், காட்டுக்குள்ள போயி நண்டு புடிச்சாரலாம்."

"அஞ்சு மணிக்கு மீட்டிங்கு மாமா."

"எப்பத்துலேருந்து மீட்டிங்கு அஞ்சு மணிக்கு நடக்குது? தண்ணிதான் மச்சான் நேரத்துக்கு வரும், நேரத்துக்குப் போவும். உன் தலைவரு இன்னா தண்ணியா?"

நியாயமான கேள்வி. ஏறி உட்கார்ந்தேன். உப்பங்கழியில் வளரும் சுரபுன்னைக் காட்டுக்குள் நிழலான வாய்க்காலில் நண்டு பிடித்து, அங்கேயே ஒரு மேட்டில் அடுப்பு மூட்டி, அவர் குழம்பு வைக்க, நான் இரண்டு நண்டைத் தின்றேன். மூன்றாவதை உடைக்கும்போது அவர் படகைத் திரும்பிப் பார்த்து, "அடடா" என்றார்.

தண்ணீர் வடிந்திருந்தது. படகு சேற்றில் குந்தியிருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கடலோடிய குடும்பத்தில் பிறந்த இரண்டு ஆண்கள், தண்ணீர் எப்போது இறங்கும் என்பதை நண்டு வாசனையில் மறந்து, தொடை அளவு சேற்றில் நின்று படகைத் தள்ளினோம். அன்றைக்குத் தண்ணீரும் நேரத்துக்குப் போனது, தலைவரும் நேரத்துக்கு வந்தார். நேரம் தவறியது நான் ஒருவன்தான்.

கிள்ளையில் பஸ் போய்விட்டது. சிதம்பரம் சந்தைக்கு மீன் கொண்டுபோய்க்கொண்டிருந்த ஒருவருடைய சைக்கிளில், கூடையை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் தொற்றினேன். இப்படியாக அரசாங்கத்தின் இரகசியக் கண், காரப்பொடி மீன் வாசனையோடு சிதம்பரம் வந்து சேர்ந்தபோது மணி ஆறே முக்கால். இன்னும் நேரம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். மைதானத்தில் மைக்செட்காரர் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இப்போதுதான் கட்டுகிறார் போலிருக்கிறது என்று எண்ணி, என் மேசையில் போய் உட்கார்ந்து, பென்சிலை வரிசையாக அடுக்கினேன்.

"இன்னா சார் பண்றீங்க?" என்றார் அவர்.

"மீட்டிங்கு எப்ப ஆரம்பம்?"

"அஞ்சு மணிக்கு."

"அது தெரியும்பா. எப்ப ஆரம்பம்?"

"அஞ்சு மணிக்குத்தான் சார் ஆரம்பிச்சாரு. பதினோரு பேருதான் இருந்தாங்க. கட்சிக்காரங்க, 'கொஞ்சம் ஜனம் சேரட்டும் ஐயா'ன்னு கெஞ்சிப் பாத்தாங்க. கேக்கல. ஆறேகாலுக்கு முடிச்சிட்டு எறங்கிப் போய்ட்டாரு. அந்த மேசைய எடுக்கணும், கொஞ்சம் எந்திரிங்க."

பென்சில்களை அள்ளிக்கொண்டு எழுந்தேன். அதற்குள் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தார்கள். முடிந்துவிட்டது என்று கேட்டதும் அவர்களுக்கு வந்த கோபம்! "எங்கள ஒரு வார்த்த கேக்காம ஆரம்பிச்சிட்டாரா?" என்று ஒருவர் என்னிடமே சண்டைக்கு வந்தார்.

பேச்சை எப்படியாவது ஒட்டுப்போட்டுவிடலாம் என்று மைக்செட்காரரைப் பிடித்தேன். "என்னப்பா பேசுனாரு?"

"நான் எங்க சார் பேச்சக் கேட்டேன்? சத்தத்தத்தான் கேட்டேன். 'கீ'ன்னு கத்துச்சின்னா கொறச்சேன், எறங்குச்சின்னா ஏத்துனேன். நல்ல தொண்ட சார், ஒரே சீரா இருந்துது."

மைதானத்து ஓரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் போனேன். அவிக்கிற பானையின் மூடியைத் திறந்தபடி அவள் யோசித்தாள்.

"வரிசையில நிக்கணும்னாரு. எங்க, வந்ததே பதினோரு பேரு, எதுக்கு வரிசைன்னு நெனச்சிக்கினேன். அப்பறம் ஆபீஸுல ஒருத்தரயும் தெரியாதவன் போயி நின்னா, எத்தினி நாழில அவன் வேல நடக்குதோ, அத வெச்சித்தான் அரசாங்கம் நல்லதா கெட்டதான்னு பாக்கணும்னாரு. அது மட்டும் எனக்கு நல்லாத் தோணுச்சி. எனக்குத்தான் ஒருத்தரயும் தெரியாதே. ஒரு படி போடட்டா?"

ஒரு படி வாங்கிக்கொண்டேன். நோட்டில் பக்கம் ஒன்று வெள்ளையாக இருந்தது. இந்த இடத்தில் என்னைப் பற்றிய ஒரு கேவலமான உண்மையையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளைத் தாளைப் பார்த்ததும் பயத்துக்கு அடுத்தபடியாக எனக்கு வந்தது ஆசை. மேலதிகாரி கேட்ட வாக்கியம் ஒன்றுதான். அதை நானே எழுதி, முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் பேச்சைச் சேர்த்து, அடியில் வழக்கமாக எழுதும் "கூட்டத்தில் நேரில் கேட்டு எழுதியது" என்ற வரியைப் போட்டுவிட்டால் முடிந்தது. அவர் மற்ற ஊர்களில் சொன்னதுதானே? எனக்கு வேலை நிரந்தரம், பெருமாளுக்கு முடி. அவருக்கு ஜெயில், அது அவருக்குப் பழக்கம்தானே என்று கூட என் மனசு வாதாடியது.

எழுதவில்லை. யோக்கியன் என்பதனால் அல்ல. கூட்டத்தில் இருந்த பதினோரு பேரில் யாராவது கோர்ட்டில் வந்து, "இந்த ஆள் வரவே இல்லையே" என்று சொல்லிவிட்டால்? பதினோராயிரம் பேர் வந்திருந்தால் எழுதியிருப்பேன். தலைவரைக் காப்பாற்றியது கூட்டம் சேராததுதான்.

அவர் கீழவீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியிருப்பதாகவும், காலை ஏழு மணிக்குப் பார்க்கலாம் என்றும் கட்சிக்காரர் ஒருவர் சொன்னார். ஏழு மணிக்கு என்றதும் நான் ஆறு மணிக்கே போய் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். சரியாக ஏழுக்குக் கதவு திறந்தது.

அவருக்கு நல்ல ஜலதோஷம். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார். யாரென்று கேட்டார். சொன்னேன். நேற்று மேசை காலியாக இருந்ததே என்றார்.

"லேட்டாயிடுச்சிங்க ஐயா."

"எதனால?"

பொய் சொல்லும் அளவுக்கு எனக்கு அறிவு வேலை செய்யவில்லை. "நண்டுங்க" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். தும்மினார். தும்மி முடித்துவிட்டு, "நீங்க வர்ற வரைக்கும் நான் ஏன் காத்திருக்கலன்னு கேக்கறீங்களா?" என்றார்.

"இல்லீங்க ஐயா."

"கேக்கலாம், தப்பில்ல. பதினோரு பேரு அஞ்சு மணிக்கு வந்தாங்க. வராதவங்களுக்காக வந்தவங்கள உக்கார வெச்சா, வந்தவங்க என்ன தப்பு பண்ணுனாங்க? நம்ம ஆபீஸுங்கள்ல நடக்கறது அதுதான். ஒழுங்கா மனு குடுத்தவன் வெளிய நிக்கறான், கடைசியா வந்தவன் தெரிஞ்ச ஆளோட உள்ள போறான். நாளைக்கு நாங்க வந்தாலும் அதையே செய்யப் போறோம்னா, எங்களுக்கு ஓட்டு எதுக்கு? அதத்தான் நேத்து பேசுனேன். உக்காருங்க, எழுதிக்கிங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. முழுப் பேச்சையும் எனக்காக மறுபடி சொல்லப் போகிறார். ஜலதோஷத்தோடு, ஒன்றேகால் மணி நேரம், என் பென்சிலின் வேகத்துக்கு ஏற்றபடி சொன்னார். வரி கட்டுகிறவன் கணக்குக் கேட்க வேண்டும். கேட்கிறவன் முதலில் தன் வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டாதவனாக இருக்க வேண்டும். பதவியில் இருப்பவனுக்கு மாலை போடுவதைவிட அவனுக்கு ஒரு கடிதம் எழுதுவது மேல். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நடுவில் நிறுத்தி, "இந்த எடத்துல கை தட்டுனாங்க, போட்டுக்குங்க" என்றார். தன் பேச்சின் மேல் அவருக்கும் கொஞ்சம் பிரியம் இருந்தது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

எங்கள் வழக்கப்படி "பலத்த கரகோஷம்" என்று எழுதினேன். எட்டிப் பார்த்தார். சுருக்கெழுத்து அவருக்குத் தெரியாது. "என்ன போட்டீங்க?" என்றார். சொன்னேன்.

"பதினோரு பேரு தட்டுனா பலத்ததா வருமா? கைதட்டல்னு மட்டும் போடுங்க."

பிறகு அந்த இடம் வந்தது. "அநியாயமான உத்தரவுக்குக் கீழ்ப்படியாமல் இருப்பதும் குடிமகனின் கடமை" என்றார். என் பென்சில் நின்றுவிட்டது.

"ஐயா, இத வேணா விட்டுடலாமே. எங்க ஆபீஸுல இதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க."

"நேத்து சொன்னேனா இல்லையா?"

"நான் இல்லீங்களே, எனக்கு எப்டித் தெரியும்?"

"சொன்னேன். எழுதுங்க. அடுத்தத விட்டுடாதீங்க: ஆனால் அதை ஒளிந்து செய்யக் கூடாது. கீழ்ப்படிய மாட்டேன் என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, வரும் தண்டனையை வாங்கிக்கொண்டு செய்ய வேண்டும்."

இரண்டையும் எழுதினேன். முடிந்ததும், அடியில் என்ன எழுதுவேன் என்று கேட்டார். கூட்டத்தில் நேரில் கேட்டு எழுதியது என்று எழுதுவேன் என்றேன்.

"அது பொய்யாச்சே" என்றார், என் காலில் செருப்பு மாறிப் போட்டிருப்பதைச் சுட்டிக் காட்டுவது போல.

"உண்மைய எழுதுனா என் வேல போயிடுங்க ஐயா. பர்மனென்ட் ஆகல."

அவர் யோசித்தார். போகாது என்று ஆறுதல் சொல்லவில்லை. "போனாலும் போகும்" என்றார். "ஆனா இந்தத் தாள வெச்சி ஒருத்தன உள்ள போடுவாங்க. அவன் பக்கத்துல உங்க கையெழுத்து இருக்கும். நீங்க முடிவு பண்ணுங்க." தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "எதுவா இருந்தாலும் பென்சில்ல வேணாம். மையில எழுதுங்க."

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் எழுத என்னால் முடியவில்லை. "கூட்டம் முடிந்த மறுநாள் காலை, பேச்சாளரிடமே கேட்டு எழுதியது. நான் கூட்டத்துக்குக் காலதாமதமாக வந்தேன்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். கும்பிட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினேன். ஆலப்பாக்கம் தாண்டும்போதுதான் பார்த்தேன், அவருடைய பேனா என் சட்டைப் பையில் இருந்தது. பேச்சாளரை உளவு பார்க்கப் போன போலீஸ் ஆள், அவர் பேனாவைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறான்!

கடலூரில் நான் தட்டச்சு செய்து கொடுத்த பேச்சை மேலதிகாரி முதலில் படித்துச் சந்தோஷப்பட்டார். பிறகு கடைசி வரிக்கு வந்தார்.

"இது இன்னாய்யா? இத எடுத்துட்டு, வழக்கமா போடறதப் போடு. கீழ்ப்படியாம இருக்கறதுன்னு வர்ற எடத்துல பாதி போதும். 'ஆனால்'லேருந்து விட்டுடு."

"நோட்டுலயும் அப்டித்தாங்க இருக்கு."

"பென்சில்தான? அழி."

"கடைசி வரி மையிலங்க."

"தாளக் கிழி."

"பக்க எண்ணும் உங்க கையெழுத்தும் இருக்குங்க."

நான் அன்று வீரனாக நின்றேன் என்று யாரும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். என் வீரம் முழுவதும் அந்த நோட்டில் இருந்தது. மேலதிகாரி நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் அவரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் இல்லாதவன் எழுதிய தாளை வைத்துக் கேஸ் போட முடியாது என்று சர்க்கார் வக்கீலும் சொல்லிவிட்டார். தலைவர் ஜெயிலுக்குப் போகவில்லை. எனக்கு ஒரு மெமோ வந்தது. பர்மனென்ட் ஆறு மாதம் தள்ளிப் போனது. "பெருமாளுக்கு இன்னும் கொஞ்சம் நீட்டு முடியாக் கெடைக்கும்" என்றாள் அம்மா. அடுத்த வருஷம் திருவந்திபுரத்தில் கெடிலம் ஆற்றில் முழுகி மொட்டை போட்டுக்கொண்டேன்.

அந்தத் தலைவர் வக்கீலுக்குப் படித்தவர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்த வரியை எழுதினால் கேஸ் நிற்காது என்று தெரிந்துதான் பேனாவை நீட்டினாரா? பல நாள் இதை யோசித்திருக்கிறேன். தெரிந்தே செய்திருந்தாலும் எனக்கு நஷ்டமில்லை. அன்றைக்குப் பொய்யாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் அப்புறம் எத்தனை போட்டிருப்பேனோ. ஒரு பொய் எழுத்தும் இல்லாமல் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கு அந்த லாட்ஜ் அறையும் அந்த ஜலதோஷமும்தான் காரணம்.

நன்றி சொல்ல வேண்டும், பேனாவைத் திருப்ப வேண்டும். ஆனால் எதிர்க்கட்சித் தலைவர் வீட்டில் போலீஸ்காரன் போய் நிற்க முடியுமா? நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. அறுபதுகளின் கடைசியில் ஆட்சி மாறியது. அவருக்கும் ஒரு பதவி கிடைத்தது. அவர் கடலூர் வந்த ஒரு நாள், அரசினர் பங்களாவில் காலை ஒன்பதிலிருந்து பத்து வரை, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள்.

நான் அப்போது பண்ருட்டியில் இருந்தேன். வெறுங்கையோடு போவதா என்று அண்ணாகிராமம் பக்கம் ஒரு தோப்பில் நல்ல பலாப்பழமாகப் பார்த்து வாங்கினேன். பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் சந்தேகம் வந்தது. பதவியில் இருப்பவருக்குப் பலாப்பழம் கொடுத்தால் அது மரியாதையா, லஞ்சமா? மாலையே வேண்டாம் என்றவராயிற்றே. சுளை எண்ணிக்கை குறைவாக இருந்தால் மரியாதை என்று வைத்துக்கொள்ளலாமா? இதை நான் தீர்மானிப்பதற்குள் ஒரு பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் பழத்துக்கும் டிக்கெட் கேட்டு கண்டக்டர் சண்டை பிடித்தார்.

பங்களாவை அடைந்தபோது மணி பத்து பத்து. வாசலில் காவலுக்கு நின்றவர் என்னோடு வேலை பார்த்தவர். "உள்ள போவ முடியாது மச்சான், டைம் ஆயிடுச்சி. நீ நம்ம ஆளு, பின்பக்கமாப் போ, நான் பாத்துக்கறேன்" என்றார்.

பின்பக்கக் கதவு திறந்துதான் இருந்தது. ஒரு அடி வைத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் ஆபீஸில் ஒருத்தரையும் தெரியாத அந்த மல்லாட்டைக்கார அம்மா நினைவுக்கு வந்தாள். பழத்தைக் காவலுக்கு நின்றவரிடமே கொடுத்துவிட்டு, தலைவருக்காக நின்ற காருக்குப் பக்கத்தில் வெயிலில் போய் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் வெளியே வந்தார். நரைத்திருந்தார். கடிகாரம் இன்னும் மணிக்கட்டின் உள்பக்கமாகத்தான் இருந்தது. நான் முன்னால் போய்ப் பேனாவை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"ஐயா, நன்றி சொல்லத்தான் வந்தேங்க. இது உங்க பேனா. சிதம்பரத்துல மீட்டிங்குக்கு லேட்டா வந்தவன் நான்."

அவர் பேனாவை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இப்பவும் லேட்டுதான்."